மச்சானின் இரைச்சல்

அந்தப் பெட்டி கூரியரில் வந்தபோது ஏதோ கம்பெனி அனுப்பிய சாம்பிள் என்றுதான் நினைத்தேன். வத்தலக்குண்டில் மருந்துக் கடை வைத்திருப்பவளுக்கு வேறு என்ன வரும்? கையில் வாங்கியபோது கனத்தது. சாம்பல் நிறத் துணி ஒட்டிய அட்டைப்பெட்டி. பட்டுப் புடவைக்குக்கூட இவ்வளவு நேர்த்தியாகப் பெட்டி செய்யமாட்டார்கள். மேலே பெயர் இல்லை. பனி மூடிய மலைச்சரிவின் படம் மட்டும் சின்னதாக ஒட்டியிருந்தது. திறந்தேன். உள்ளே வரிசையாக ஆடியோ கேசட்டுகள், அவற்றோடு வழவழப்பான தாளில் ஓர் ஆங்கிலப் புத்தகம். முதல் பக்கத்தில் கம்பளிக் குல்லாவோடு என் அக்காவின் கணவர் எங்கோ தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குல்லா அக்கா பின்னியது. பெட்டியை மூடிக் கல்லாவுக்குக் கீழே காலால் தள்ளிவிட்டேன். அடுத்து நின்ற பெரியவருக்குச் சர்க்கரை மாத்திரைக்குப் பதிலாக வேறு அட்டையை எடுத்துக் கொடுத்து, "இது எம் மாத்திர இல்லையேம்மா" என்று அவர் சொன்ன பிறகே எனக்கு நிதானம் வந்தது.

அவரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் அக்காவின் கணவரை அப்படித்தான் கூப்பிடுவது. இன்றைக்கும் அவரை நினைத்தால் அந்தச் சொல்தான் வருகிறது. உறவு போய்ச் சொல் மட்டும் மிஞ்சிவிட்டது. கொடைக்கானல் பஜாரில் ரேடியோ, டி.வி., ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். வீடு வில்பட்டியில். நல்ல கைவேலைக்காரர். அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டியில் இருந்தது அவர் பழுதுபார்த்ததன் பலன் அல்ல. வெளிநாட்டுக்காரர்கள் அதற்கு ஹார்ஷ் நாய்ஸ் வால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரைச்சலால் எழுப்பிய சுவர். பாட்டில்லை, தாளமில்லை, ஏற்ற இறக்கமில்லை. ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோக்கள் நாலைந்தை ஒன்றாக முறுக்கிவிட்டு, அந்த இரைச்சலை மைக்செட் ஆம்ப்ளிஃபயர் வழியாகப் பெரிதாக்கி, ஸ்பீக்கருக்கு எதிரே மைக் வைத்துக் கேசட்டில் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். கேசட் தொடங்கும்போது எப்படியோ, முடியும்போதும் அப்படியே. இந்த வகையை உலகத்தில் முதலில் செய்தவர்களில் அவரும் ஒருவராம். இருபது வருஷத்துக்கு முன்னால் அவர் தபாலில் அனுப்பிய கேசட்டுகளை எல்லாம் ஐரோப்பாவில் ஒரு கம்பெனி தேடிப் பிடித்து, மறுபடியும் பதிப்பித்து, இந்தப் பெட்டியில் வைத்து விற்கிறது.

அந்த இரைச்சல் உண்டான வீட்டில் நான் இருந்திருக்கிறேன். கொடைக்கானலில் கல்லூரியில் சேர்ந்தபோது ஹாஸ்டல் வேண்டாம், அக்கா வீடு இருக்கிறதே என்று அப்பா கொண்டுவந்து விட்டார். வில்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பூண்டுத் தோட்டங்களுக்கு நடுவே நடந்தால், வீடு கண்ணில் படுவதற்கு முன்பே அது காதில் விழும். முதல் நாள் எங்கோ மாவு மில் ஓடுகிறது என்று நினைத்தேன். பக்கத்தில் போகப் போக, இரைச்சல் காதோடு நிற்காமல் பல்லுக்குள் இறங்கியது. அக்கா வாசலில் நின்று வாயசைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு, தட்டில் சோறு பிசைவதுபோலக் கையைக் காட்டி, சாப்பிடுகிறாயா என்று ஜாடையில் கேட்டாள். கல்யாணமாகி இரண்டு வருஷத்துக்குள் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கென்று ஒரு கைப்பாஷை உண்டாகிவிட்டிருந்தது.

மச்சான் குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். ஒரு கெட்ட வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கடையிலிருந்து மத்தியானம் சாப்பிட வருவார், சாப்பிட்டதும் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு இறக்கியிருந்த அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். அவ்வளவுதான். மழைக்காலத்தில் கடைக்கே போகாமல் காலையிலிருந்து உள்ளே இருப்பார். ஊரில் அக்கா யாரிடமாவது குறை சொன்னால் அவர்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "குடிக்காம கொள்ளாம வீட்டுக்குள்ளயே கெடக்குற மனுசன். ரேடியோ போடுறதெல்லாம் ஒரு குத்தமா?" என்று கேட்டார்கள். அடிவாங்கும் பெண்கள் நிறையப் பேர் இருந்த ஊரில் அந்தக் கேள்விக்கு அக்காவிடம் பதில் இல்லை.

ஆனால் நான் பார்த்தேன். அந்த ஸ்விட்ச் எப்போது போடப்படுகிறது என்பதை வீட்டுக்குள் இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். ஒருமுறை ஊரில் பால்வாடிக்கு ஆள் எடுத்தார்கள். அக்கா பத்தாவது படித்தவள், குழந்தைகள் என்றால் உயிர். மச்சான் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, "பால்வாடியில ஆள் எடுக்குறாகளாம், நான் போகட்டுங்களா?" என்று கேட்டாள். அவர் புன்னகை செய்தார். காபியைக் குடித்து முடித்தார். தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். எழுந்து போய் ஸ்விட்சைப் போட்டார். கேள்வியை வாயில் வைத்துக்கொண்டு அக்கா அந்த மூடிய கதவுக்கு முன்னால் நின்றாள். மறுநாளும் கேட்டாள். மறுநாளும் தம்ளர் கழுவப்பட்டது. வேலை வேறு யாருக்கோ போனது. மச்சான் வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் எதையுமே சொன்னதில்லை. எந்தப் பேச்சு தனக்குப் பிடிக்கவில்லையோ அந்தப் பேச்சின்மேல் அந்த இரைச்சலைத் தூக்கிப் போடுவார், குப்பைமேல் மண்ணைத் தள்ளுவதுபோல.

கரண்ட் போனால் ஊரே திட்டும். எங்கள் வீட்டில் அக்கா மட்டும் கும்பிடுவாள். இரைச்சல் சட்டென்று அறுந்து, கேட்டே பழக்கமில்லாத சின்னச் சத்தங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வரும். கோழி கொத்துவது, கீழே தொட்டியில் கேரட் கழுவுகிறவர்களின் பேச்சு. அக்கா அடுப்பை விட்டு ஓடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, சேர்த்து வைத்ததை எல்லாம் மூச்சுவிடாமல் பேசுவாள். அப்பாவின் முட்டிவலி, அவள் பார்த்த கனவு, என் தலையில் பேன். மச்சான் அறையிலிருந்து வெளியே வந்து, மிகவும் மரியாதையான விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்து, "கரண்ட்டு எப்ப வரும்னு சொன்னாங்களா?" என்று என்னிடம் கேட்பார். பல்பு எரிந்ததும் அக்கா பாதி வார்த்தையில் நிறுத்திவிடுவாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும், கடையில் விளக்கு அணைந்து எரியும்போது அவள் பேச்சு ஒரு கணம் தடுக்கி நிற்பதைப் பார்க்கிறேன்.

இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி அவளுடைய குரலே மாறிவிட்டது. சின்ன வயதில் அவளுக்கு மெல்லிய குரல். ரேஷன் கடையில், "ஏம்மா சண்டைக்கா வந்துருக்க? மெதுவாச் சொல்லு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்கள். அவளுக்குத் தான் கத்துவதே தெரியவில்லை. ஊருக்கு என்ன தெரியும்? அமைதியான புருஷன், வாயாடிப் பெண்டாட்டி. அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

ஒரு வெள்ளைக்காரர்தான் இதற்கு வெளிநாட்டு வாசலைத் திறந்துவிட்டவர். வில்பட்டிப் பாதையில் ஒரு பங்களாவில் கொஞ்ச நாள் தங்கியிருந்தார். டேப் ரிக்கார்டர் பழுதுபார்க்க வந்தவர், மச்சான் ஓடவிட்டிருந்த இரைச்சலைக் கேட்டுவிட்டுக் கண்கலங்கினாராம். அவர் கொடுத்த விலாசங்களுக்கு மச்சான் கேசட் அனுப்பினார். அங்கிருந்து இவருக்கும் கேசட்டுகள் வந்தன. எல்லாம் ஒரே இரைச்சல்தான். அந்தப் பொட்டலங்கள் வரும் நாட்களில் அவர் முகம் மலர்ந்திருக்கும். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லோரும் அவருக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த நாங்கள் யாரோ.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் அது நடந்தது. வீட்டுக்குப் பின்னால், மேலே இருந்த பீன்ஸ் தோட்டத்து மண் சரியாமல் இருக்கக் கருங்கல் அடுக்கிக் கட்டியிருந்தார்கள். எங்கள் பக்கம் அதைக் கல்கட்டு என்போம். அதற்கும் மச்சானின் தகர அறைக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு இடம். நான் மத்தியானம் கல்லூரியிலிருந்து திரும்பி வந்தபோது இரைச்சல் வழக்கம்போல ரோடு வரைக்கும் கேட்டது. வீட்டில் யாருமில்லை. பின்பக்கம் போனால் நாலைந்து பேர் சேற்றில் முழங்கால் புதைய நின்று கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். வாய்க்காலில் அடைப்பு எடுக்கப் போன அக்கா இடுப்புவரை கல்லுக்கும் மண்ணுக்கும் அடியில் கிடந்தாள். கீழ்வீட்டு அண்ணன்தான் முதலில் வந்தவர். அவருக்கும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. தன் வாசலில் திடீரென்று சேற்றுத் தண்ணீர் ஓடிவந்ததைப் பார்த்து, எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு மேலே ஏறியிருக்கிறார். "வெரசா, வெரசா, கடப்பாரையக் கொண்டாங்க" என்று அவர் கத்துவது வாயசைவில்தான் எனக்குத் தெரிந்தது.

நான் ஓடிப்போய்த் தகர அறையின் கதவை இரண்டு கையாலும் அடித்தேன். வெகுநேரம் கழித்து இரைச்சல் நின்றது. தாழ்ப்பாள் திறந்தது. மச்சான் என் முகத்தைப் பார்த்து, "என்னாச்சு? எனக்கு ஒண்ணும் கேக்கலயே" என்றார்.

அதற்குப் பிறகு அவர் நடந்துகொண்ட விதத்தில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ஜீப் பிடித்தார். மலைப்பாதை முழுக்க அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். மதுரை ஆஸ்பத்திரியில் பிளாஸ்க்கும் கையுமாக நின்றார். பார்க்க வந்த எங்கள் சொந்தங்கள் எல்லோரும் அந்தப் பிளாஸ்க்கைப் பற்றித்தான் பேசினார்கள். இடது முட்டி இனி மடங்காது என்று டாக்டர் சொன்ன அன்று அக்கா அப்பாவிடம், "நான் அந்த வீட்டுக்குப் போகமாட்டேன்" என்றாள். காரணம் கேட்டார்கள். சொல்லவில்லை. அப்பா கெஞ்சினார், அத்தைகள் திட்டினார்கள். "பொண்டாட்டிக்கி மூத்திரம் அள்ளுன மனுசன விட்டுட்டு வாராளே, இவளுக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?" என்று என் காதுபடவே கேட்டார்கள். அவள் வத்தலக்குண்டுக்கு வந்தாள், பிறகு நான் கடை வைத்தபோது என்னோடு கல்லாவில் உட்கார்ந்தாள். மச்சான் அழைக்க வரவில்லை. இரைச்சலுக்காக அவளை விட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு காரணத்துக்காகவே அவரை இத்தனை வருஷம் வெறுத்தேன். அது போதாது என்பது அந்தப் பெட்டி வந்த பிறகுதான் தெரிந்தது.

பெட்டி வந்த மறுநாள் சென்னையிலிருந்து ஓர் இளைஞர் போன் செய்தார். மரியாதையான பையன். "மேடம், பாக்ஸ் வந்துச்சுங்களா? கொடைக்கானல்ல ஒரு லிஸனிங் செஷன் வைக்கிறோம். சார் வர்றார். வில்பட்டில விசாரிச்சப்போதான் அவருக்கு ஒய்ஃப் இருக்காங்கன்னே தெரிஞ்சுது. அவங்க வந்தா ரொம்ப நல்லா இருக்கும்" என்றார். சார் கூப்பிடச் சொன்னாரா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "சாருக்குத் தெரியாது மேடம், சர்ப்ரைஸ்" என்றார். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அன்று மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாதபோது புத்தகத்தைப் படித்தேன். மனித வாடையே இல்லாத மலைவீட்டில் தன்னந்தனியாக வாழ்ந்த துறவி என்று அவரைப் பற்றி எழுதியிருந்தது. மூடுபனிதான் அவருடைய குருவாம். மூன்று வேளையும் சோறு எங்கிருந்து வந்தது என்று எழுதியவருக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு பக்கம் விளக்கம். ஒன்றைப் பற்றி மட்டும் நீளமாக எழுதியிருந்தார்கள். அவருடைய வேலை முழுவதிலும் இந்த ஒரு இடத்தில்தான் சுவர் அதிர்கிறதாம். நடுவில் தூரத்து இடிபோல ஒரு மங்கிய மோதல். அதன் பிறகு சிறிது நேரம் கழித்து இரைச்சல் பொங்கி எழுந்து அந்தக் காயத்தை மூடிக்கொள்கிறதாம். ஒரு கலைஞன் தன் மௌனத்தைக் கலைத்து மறுபடி காத்துக்கொள்ளும் அபூர்வத் தருணம் என்று முடித்திருந்தார்கள்.

கடையில் பழைய டேப் ரிக்கார்டர் ஒன்று உண்டு, எஃப்.எம். கேட்பதற்காக வைத்திருந்தோம். அந்தக் கேசட்டைப் போட்டேன். அதே இரைச்சல். பல்லுக்குள் இறங்கும் அதே அரம். வீட்டிலிருந்து சாப்பாட்டுக் கேரியரோடு வந்த அக்கா கடைக்கு வெளியே, வெயிலில், அப்படியே நின்றுவிட்டாள். நான் அணைக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். மெதுவாகப் படியேறி வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, ஊன்றி நடக்கும் கம்பை மடியில் கிடத்திக்கொண்டாள். இரைச்சலின் அடியில் ஒரு சத்தம் வந்தது. மூட்டையை லாரியிலிருந்து போட்டதுபோல, கனமாக, ஈரமாக. அக்காவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"இரு, இப்பக் கூட்டுவாரு பாரு" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் இரைச்சல் உயர்ந்தது. உயர்ந்து, அங்கேயே நின்றது. கேசட் முடிகிறவரை இறங்கவில்லை.

நான் அணைத்துவிட்டு அவளையே பார்த்தேன். அவள் கேரியரைத் திறந்து தட்டுகளைப் பிரித்து வைத்தாள். "நான் கெடந்த எடத்துலருந்து அந்தத் தகர ரூமு ஜன்னலு நேரா தெரியும்டி. உள்ள ஆவி படிஞ்சு கெடந்துச்சு. அவரு வந்தாரு. கையால கண்ணாடியத் தொடச்சாரு. என்னையப் பாத்தாரு. தூக்குங்கன்னு கத்துனேன். நல்லாப் பாத்தாரு. பெறகு போயிட்டாரு. கதவத் தெறந்துக்கிட்டு வரத்தான் போறாருன்னு நெனச்சேன். சத்தம் கூடுச்சு."

"பயந்துட்டாரோ?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. அவ்வளவு கெட்டதை உடனே நம்ப மனம் வரவில்லை போலும்.

"நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். பயந்தா ஓடணும், இல்ல கத்தணும். கூட்ட மாட்டாக."

"ஏங்க்கா இத்தன வருசமா சொல்லல?"

"யாருகிட்டச் சொல்ல? எல்லாரும் பிளாஸ்க்கத்தானடி பாத்தாக." சோற்றில் குழம்பை ஊற்றி என் பக்கம் தள்ளினாள். சாப்பிட்டு முடித்த பிறகு, அந்தச் சென்னைப் பையன் போன் செய்ததைச் சொன்னேன். "போவோம்" என்றாள்.

பெருமாள்மலையைத் தாண்டி பஸ் ஏறும்போது அவள் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கினாள். நான்தான் பேச வேண்டியதை எல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தேன். ஏரிக்குப் போகும் சரிவில், பழைய பங்களா ஒன்றைக் காபிக் கடை ஆக்கியிருந்தார்கள். அதன் பெரிய கூடத்தில் தரையெல்லாம் மெத்தை போட்டு இளைஞர்கள் சாய்ந்துகொண்டிருந்தார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள், நடுவில் சில வெளிநாட்டுக்காரர்கள். வாசலில் ஒரு கிண்ணத்தில் மஞ்சளாகச் சின்னச் சின்னப் பஞ்சு அடைப்பான்கள். அக்கா ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்து, "இது என்னத்துக்குப்பா?" என்று கேட்டாள். "சத்தம் ஜாஸ்தியா இருக்கும்மா, காதுக்குப் பாதுகாப்பு" என்றார் அந்த இளைஞர். அக்கா சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்க நேரமானது.

மச்சான் முன்னால் ஒரு மேஜைக்குப் பின்னே உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க நரைத்து, கன்னம் ஒட்டி, பார்க்க நல்ல மனிதர் மாதிரியே இருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்தார். "வா... கால் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் ஒரு கரகரப்புக்கூட இல்லை. அக்கா நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தாள். இரைச்சல் தொடங்கியது. இளைஞர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒரு பெண் தியானத்தில் இருப்பதுபோலக் கைகளை விரித்து வைத்திருந்தாள். நான் அந்த முகங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அறைய வேண்டும்போல இருந்தது. காசு கொடுத்து, காதை அடைத்துக்கொண்டு, பிடிக்கவில்லை என்றால் எழுந்து காபி குடிக்கப் போகலாம் என்ற சௌகரியத்தோடு அவர்கள் அதை அனுபவித்தார்கள்.

மோதல் வந்தது. இரைச்சல் உயர்ந்தது. யாரோ நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். கேசட் முடிந்ததும் சென்னை இளைஞர் மைக்கை எடுத்து, அந்த இடத்தைப் பற்றிச் சொல்லும்படி மச்சானைக் கேட்டார். அவர் குனிந்து, கைகளைக் கோத்துக்கொண்டு, மெல்லிய குரலில், "அன்னைக்கு நல்ல மழை. மலை என்னமோ சொல்லுச்சு. அதுக்குக் கொஞ்சம் எடம் விட்டேன். பெறகு மூடிட்டேன்" என்றார். கூடம் முழுக்கத் தலைகள் அசைந்தன.

நான் எழுந்திருக்கப் போனேன். அக்கா என் தோளை அழுத்தி உட்காரவைத்து, அந்த அழுத்தத்திலேயே தான் எழுந்தாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"மல ஒண்ணும் சொல்லல. கல்கட்டு சரிஞ்சு நான் அடியில கெடந்தேன். தூக்குங்கன்னு சொன்னது நான்தான்."

வெளிநாட்டுக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் என்னவென்று கேட்டார். அவள் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். மச்சான் நிமிர்ந்து, பொறுமையான குரலில், "எனக்குக் கேக்கலம்மா. அன்னைக்கே சொன்னேனே" என்றார்.

"கேக்கலன்னா ஜன்னல எதுக்குத் தொடச்சீங்க?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். இருபது வருஷமாக நான் பார்க்க ஆசைப்பட்டது அதுதான். ஒரு கேள்வி, எதிரே மச்சான், நடுவில் எந்த இரைச்சலும் இல்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் மேஜைமேல் இருந்த கேசட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாக அடுக்கினார். பிறகு அந்த இளைஞர் பக்கம் திரும்பி, "தம்பி, அடுத்த சைடு போடுவமா?" என்றார்.

இளைஞர் அசையவில்லை. பின்வரிசையில் யாரோ ஒருவன், இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டினான். இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் முறைத்ததும் தட்டல் பிசுபிசுத்து நின்றது. அக்கா கம்பை எடுத்துக்கொண்டாள். வெளியே வந்ததும், மனசு லேசாக இருக்கிறதா என்று கேட்டேன். "முட்டி வலிக்குது. டீ குடிப்போம், பஸ்ஸு போயிரும்" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து அந்த இளைஞர் கடைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. கம்பெனிக்காரர்களிடம் எல்லாவற்றையும் சொன்னாராம். அந்தக் கேசட்டை எடுத்துவிட வேண்டும் என்று அக்கா பிறகு போனில் கேட்டதையும் சொன்னாராம். மச்சான் ஒப்புக்கொள்ளவில்லை. அது என் வேலை, அதில் யாருடைய குரலும் இல்லை, வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்றாராம். அது உண்மைதான். நானும் பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். அக்காவின் குரல் ஓர் இழைகூட அதில் இல்லை, அவ்வளவு நன்றாகக் கூட்டியிருக்கிறார். கடைசியில் கம்பெனி ஒரு சமரசத்துக்கு வந்தது. அடுத்த பதிப்பில், அந்த ஓசை கலைஞரின் மனைவிக்கு நேர்ந்த விபத்து என்று புத்தகத்தில் ஒரு வரி சேர்ப்பார்கள். அதற்கு அக்காவின் சம்மதம் வேண்டுமாம். "விபத்துன்னு போட்டா கல்லு விழுந்தத மட்டுந்தான சொல்லுது?" என்று அக்கா கேட்டாள். சேதி எப்படியோ பரவி, இப்போது எல்லோரும் அந்த ஒரு கேசட்டைத்தான் முதலில் கேட்கிறார்களாம். அதை அவர் வெட்கத்தோடுதான் சொன்னார். என்றாலும் சொன்னார். நான் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அன்று மாலைதான் இதை எழுதுவது என்று முடிவு செய்தேன். கலைக்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று யாராவது என்னிடம் வந்து சொல்லட்டும். பொறுத்துக்கொண்டது யார் என்று முதலில் கேட்பேன். அக்காவிடம் சொன்னபோது அவள் இன்சுலின் டப்பாக்களை ஃபிரிட்ஜில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "எழுதிக்க. ஆனா எங்கயும் அவரு பேரப் போட்றாத" என்றாள்.

"ஏங்க்கா, இன்னும் பாவம் பாக்குறியா?"

அவள் ஃபிரிட்ஜ் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். "பாவமா? பேரப் போட்டேன்னா, படிக்கிறவுகள்ல நாலு பேரு அதத் தேடிப் போயி வாங்குவாகடி."